நம் வீட்டு மின்வெட்டு

மகனே,

பேசாமல் இருந்தது போதும். ஏரலில் உன் மாமனார் வீட்டு மறுவீட்டு விருந்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ரசத்தை வாங்கி ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. போன வாரம் நீயே சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டாய்: "அப்பா, மொத கரண்ட் பில்லே ஐந்நூறு யூனிட்டத் தாண்டிட்டு. ரெண்டு பேரும் வேலைக்குப் போன பொறவு ஃபிரிட்ஜ அணைச்சு வச்சா மிச்சமாகுமா? நீங்க அப்படித்தான செய்வீங்க?" அந்த மூன்று வரியை நான்கு நாளாகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்துவிட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பதில் வராததால் ஏதோ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் எனக்கு எப்போதும் இருப்பதுதான், ஆனால் இந்த முறை காரணம் அதுவல்ல. உன் கேள்விக்கு ஒரு வரியிலும் பதில் சொல்லலாம். சொன்னால் நீ "ஓகேப்பா" என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவாய். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒரு வரிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அணைக்காதே. உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழை நடுவில் வைத்துவிட்டு அதன் போக்கில் விடு. உன் மாமனார் சீராகக் கொடுத்த அந்த இரட்டைக் கதவுப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருப்பதைப் போட்டோவில் பார்த்தேன். ஒரு சாண் முன்னால் இழுத்து வை. பின்பக்கம் அது மூச்சு விட வேண்டும். கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்று. கொதிக்கக் கொதிக்கக் குழம்பை உள்ளே வைக்காதீர்கள். உன் பில் ஐந்நூறைத் தாண்டியதற்கு ஃபிரிட்ஜ் காரணமாக இருக்காது, ஏ.சி.யைப் பார். தாண்டிவிட்டால் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும் என்பதால் உனக்குப் பதற்றம். புரிகிறது. அந்தப் பதற்றத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஆனால் என்னுடையது பணத்தைப் பற்றிய பதற்றமே அல்ல. அதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போன இடத்தில் என்னை நான்கு மணி நேரம் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒருவருக்கு உள்ளே டீ கொடுத்தார்கள். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவரின் சட்டை நிறம்கூட நினைவிருக்கிறது. பிறகு துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் சேர்ந்தேன். இறாலும் கணவாயும் ஏற்றிப் போகும் குளிர் கன்டெய்னர்கள் யார்டில் நிற்கும் நேரமெல்லாம் மின்சாரத்தில் செருகியிருக்கின்றனவா, உள்ளே குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் பிரிவின் வேலை. ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் கரண்ட் நின்றுபோனால் போதும், யார் பொறுப்பு என்று கேட்டு இரண்டு பக்கத்துக்கு மின்னஞ்சல் எழுதுவேன். அதற்கு ஆபீஸில் குற்றப்பத்திரிகை என்று பெயர். ஊரார் இறாலுக்கு நான் காட்டிய அக்கறை அப்படி. நம் வீட்டில் என்ன செய்தேன் என்பதை நீ பார்த்தே வளர்ந்தாய்.

அது தொடங்கியது உன் பெரியப்பாவால். அவரால் என்று சொல்லியே எனக்குப் பழகிவிட்டது, இன்றைக்கும் அப்படித்தான் கை எழுதுகிறது. நம் வீட்டைப் பாகம் பிரித்தபோது ரோட்டைப் பார்த்த முன் வீடு அவருக்கு, பின் வீடு நமக்கு. மீட்டர் மட்டும் ஒன்றாகவே இருந்தது. ஒரு கோடையில் பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டியது. அவர் புதிதாக ஏ.சி. மாட்டிய வருஷம் அது. ஆனால் அவர் மீட்டர் கணக்கு எழுதும் அட்டையைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏலே, ஒன் ஃபிரிட்ஜு ராவும் பகலும் ஓடுது. நான் ஏ.சி. ரெண்டு மணி நேரந்தான் போடுதேன்."

"அண்ணே, எது எவ்வளவு இழுக்கும்னு எனக்குத் தெரியும். நான் அதத்தான் படிச்சிருக்கேன்."

"நீ படிச்சேன்னு மீட்டரு ஒனக்கு மரியாத குடுக்குமாலே? ஓடுனா சுத்தத்தான் செய்யும்."

உன் பெரியம்மா சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மாதமே விண்ணப்பம் போட்டுத் தனி மீட்டர் வாங்கினேன். ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மீட்டர்கள். கணக்கெடுக்க ஆள் வந்து போனதும் இரண்டு அட்டைகளையும் பார்ப்பேன். அவரும் பார்ப்பார். இரண்டு பேரும் பார்க்காத மாதிரிப் பார்ப்போம். என் எண் அவர் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வேலை, ஒரு வருமானம், ஒரு குடும்பம் என்று இருந்த இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓடிய பந்தயம் இது.

பிறகு மின்வெட்டு வந்தது. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகும். ஊரே சபித்துக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம், ஏனென்றால் அவர் இன்வெர்ட்டர் வாங்கினார், அவர் எண் ஏறியது. நாம் வாங்கவில்லை, நம் எண் இறங்கியது. ஃபிரிட்ஜ் மணிக்கணக்கில் நின்றும் பால் கெடவில்லை என்பதையும் கவனித்தேன். ஆகவே நாட்டில் மின்வெட்டு நின்றபோது நான் நிறுத்தவில்லை. காலை ஒன்பதரைக்கு ஹார்பருக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜை அணைப்பேன். மாலை ஆறு மணிக்கு வந்து போடுவேன். பகலில் போன குளிரைப் பிடிக்க வேண்டும் என்று குமிழைக் கடைசி எண் வரைக்கும் திருகிவிடுவேன், அது மறுநாள் காலை வரை அப்படியே இருக்கும். நீ எனக்கு மின்வெட்டுத் துறை அமைச்சர் என்று பட்டம் வைத்தாய். பெரியப்பா இன்னும் ஒருபடி போனார். "என்னலே எம்.எஸ்ஸி., கெவர்மெண்டே நிறுத்திட்டு, நீ எப்பலே நிறுத்தப் போற?" என்று ரோட்டில் வைத்துக் கேட்பார். ஆனால் அட்டையில் என் எண்தான் குறைவு. கேட்கட்டும் என்று விட்டேன்.

நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது உன் அம்மாவுக்கு மாத்திரை போதாமல் டாக்டர் இன்சுலின் எழுதினார். குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவள் அதை மேல் தட்டில், ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே வைத்தாள். "அங்கனதான் நல்லா குளிருது" என்றாள். சுகர் குறையவில்லை. மருந்தின் அளவை ஏற்றினார்கள். அப்போதும் குறையவில்லை. மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர், "வாயக் கட்டணும்மா" என்பார். இவள், "நான் ஒண்ணுமே திங்கலையே" என்பாள். யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் நான். அரிசிப் பானைக்குப் பின்னால் முந்திரி மக்ரூன் இனிப்பு டப்பா ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, கன்டெய்னர் பூட்டு உடைந்திருப்பதைக் கண்டுபிடித்தவன் மாதிரி உனக்குப் போன் போட்டேன். நீ விடுமுறைக்கு வருகிறாய் என்று அவள் வாங்கி வைத்திருந்தது அது. நீ வந்தாய். வந்ததும் விசாரணை வைத்தாய்.

"அம்மா, ஒரு டப்பாவுல எத்தன இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? எண்ணியா வாங்குனேன்?"

"மேல ரெண்டு எடம் காலியா இருக்கு. யாரு தின்னா?"

"எறும்பு தின்னுருக்கும்."

"எறும்பு முழுசு முழுசாத் திங்குமாம்மா?"

"சரிடே, நாந்தான்னே வச்சிக்கோ. இப்ப சாப்பிட வா, சீலா மீனு ஆறுது."

நீ வெற்றியோடு என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். அந்த இரண்டு மக்ரூனையும் தின்றது நான். டப்பாவைக் கண்டுபிடித்த அன்றே, உன்னோடு போன் பேசி முடித்த கையோடு தின்றேன். இதைச் சொல்வதற்கே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்றால் மற்றதைச் சொல்ல ஏன் இவ்வளவு தாமதம் என்று உனக்குப் புரியும்.

மற்றது இதுதான். நீ விடுதிக்குத் திரும்பிப் போன பிறகு ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். வழக்கமாகக் காலையில் அவள் ஊசி போடும் நேரத்தில் நான் வாசலில் பேப்பரோடு இருப்பேன். அன்று உள்ளே கிடந்ததால் அவள் மருந்துப் புட்டியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டுவதைப் பார்த்தேன். புட்டிக்குள் ஏதோ கிலுகிலுவென்று சத்தம்.

"அது என்ன சத்தம்?"

"ஐஸு. காலைல இப்படித்தான் கட்டியாக் கெடக்கும். உருட்டுனா கரைஞ்சிரும்."

"எத்தன நாளா இப்படி?"

"மொதல்ல இருந்தே இப்படித்தான். நல்ல குளிர்ச்சியில வைக்கச் சொன்னாங்கல்லா?"

காய்ச்சலோடு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. "ஒறைஞ்சிட்டா தூரப் போட்டிரணும் சார். பாக்க அப்படியேதான் இருக்கும், ஆனா நம்பிப் போடக்கூடாது" என்றார். எனக்கு அது புதிய செய்தியே அல்ல. குளிர்ச்சியாக மட்டும் போக வேண்டிய சரக்கு உறைந்துவிட்டால் மறுபடி இளகினாலும் அது பழைய சரக்கு ஆகாது என்று எத்தனையோ கம்பெனிகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். மாலையில் குமிழைக் கடைசி வரை திருகியது என் கை. ஐஸ் பெட்டிக்குக் கீழே இரவு முழுக்க உறைந்து கிடந்தது அவள் மருந்து. மாதக்கணக்காக அவள் தினமும் உடம்பில் குத்திக்கொண்டது ஏறக்குறைய வெறும் தண்ணீரை. அதற்கு மேல் எங்கள் வசவு வேறு.

வீட்டுக்கு வந்து அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "மருந்துல தேதி முடிஞ்சிருக்கு, புதுசு வாங்கியாச்சு" என்றேன். புதிய புட்டியைக் கதவுத் தட்டில் வைத்தேன். குமிழை நடுவில் நிறுத்தி செலோடேப் ஒட்டினேன். "இது ரிப்பேர், தொடாத" என்றேன். அன்றிலிருந்து ஃபிரிட்ஜை அணைக்கவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. தண்ணீராகிப்போன மருந்துக்காக இரண்டு தடவை ஏற்றிய அளவிலேயே இப்போது உண்மையான மருந்தைப் போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் காலையில் அவள் அடுப்படியில் வியர்த்து நடுங்கி உட்கார்ந்துவிட்டாள், பேச்சு குழறியது. சர்க்கரையை டம்ளரில் கரைத்து நான்தான் புகட்டினேன். இனிப்பு, இனிப்பு என்று அவளைத் திட்டிய அதே வாயால் "குடி, குடி" என்று கெஞ்சினேன். உனக்கு அதைச் சொல்லவில்லை. டாக்டர் அளவைக் குறைத்தார். சில வாரங்களில் சுகர் சொன்ன இடத்தில் வந்து நின்றது. டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. "இப்பத்தான் வாயக் கட்டியிருக்கீங்க. இத மொதல்லயே செஞ்சிருந்தா இவ்வளவு கஷ்டம் உண்டாம்மா?" என்றார். உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த கால் புண் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன். "சரிங்க டாக்டர்" என்றாள் அவள். அன்று சாயங்காலம் நீ போனில், "பாத்தியாம்மா, மக்ரூன விட்டதும் கொறஞ்சிட்டுல்லா?" என்று சிரித்தாய். அதற்கும் அவள் "ஆமாடே" என்றாள்.

மீட்டரையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டது அதைத்தானே. ஃபிரிட்ஜை அணைக்காமல் விட்ட முதல் இரண்டு மாதத்துக்குக் கணக்கெடுத்தபோது எண் ஏறும் என்று பயந்து நின்றேன். ஏறவில்லை. முந்தைய அட்டைகளை எடுத்து வைத்துப் பார்த்தால் கொஞ்சம் குறைந்தே இருந்தது. பகல் முழுக்கச் சூடாகிப்போன பெட்டியை இரவு முழுக்க மூச்சுவிடாமல் ஓடவைத்து நான் மிச்சம் பிடித்ததாக நம்பிய எதுவும் மிச்சமே அல்ல. ஃபிரிட்ஜ் தனியாக எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு வாரம் அளந்திருந்தால் தெரிந்திருக்கும். இயற்பியல் படித்தவன், அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அளக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் பக்கத்து மீட்டரை. இது கஞ்சத்தனம் என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். இது வெறும் வீம்பு. அண்ணனை ஜெயிக்க வேண்டும் என்று உன் அம்மாவின் மருந்தை உறைய வைத்தேன்.

இனி ஏரலுக்கு வருகிறேன். இலையில் உனக்கு இடப்பக்கம் உன் அம்மா, எதிர் வரிசையில் நானும் பெரியப்பாவும். உன் மாமியார் அல்வாத் தட்டோடு வந்தார். நீ கையை நீட்டி மறித்து, "அத்த, அம்மாவுக்கு வைக்காதீங்க. திருடித் தின்னே ஊசி வரைக்கும் போனவ" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். உனக்கு அவள் மேல் இருக்கும் பாசம் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பந்தி முழுக்கச் சிரித்தது. புதிதாகச் சம்பந்தம் செய்த வீட்டில், உன் மனைவியின் சித்திகள் அத்தைகள் எல்லோர் முன்பும் சிரித்தது. உன் பெரியப்பா என் முதுகில் ஒன்று வைத்து, "ஏலே, ஃபிரிட்ஜுக்குப் போட்ட மின்வெட்ட பொண்டாட்டி வாய்க்கும் போட்டிருக்கணும்லா நீ!" என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு. நானும் சிரித்தேன். உன் அம்மாவும் சிரித்தாள், பிறகு பாதிச் சோற்றிலேயே இலையை மூடினாள். திருச்செந்தூர் ரோட்டில் வரும்போது காரில் அவள் தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசினாள். திருடி என்று ஒருவர்கூட இதுவரை சொல்லாத பெண், மகன் வாயால் அதைக் கேட்டுவிட்டு வருகிறாள். சொல்ல வைத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லிக்கொண்டு வருகிறான்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் உனக்கு எழுதப் போவதாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இப்ப எதுக்கு அது?"

"அவன் தெரிஞ்சிக்கணும்."

"ஃபிரிட்ஜு ரிப்பேரா இருந்துச்சுன்னு எழுதுங்க. பழைய ஃபிரிட்ஜுதான? பொய்யும் இல்ல."

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"டேப்ப ஒட்டுன அன்னைக்கே தெரியும். நல்லா இருந்த குமிழு திடீர்னு எப்படி ரிப்பேர் ஆகும்?"

"பொறவு ஏன் கேக்கல?"

"கேட்டா சண்ட வரும். நீங்க கத்துவீங்க. கத்துனா முன் வீட்டுக்குக் கேக்கும். உங்க அண்ணன் வாயில நீங்க விழணுமாக்கும்?"

அவ்வளவுதான். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷம் அவள் அந்தப் பழியைச் சுமந்தது எனக்காக. அதுவும் நான் பெரிதாக நினைத்த எதற்காகவும் அல்ல, அண்ணன் சிரித்துவிடக் கூடாது என்ற என் அற்பத்துக்காக. என் பகைகளில் இவ்வளவு விசுவாசமாக எனக்குக் கூட்டு நின்ற ஆள் வேறு யாருமில்லை, நான் அவளைக் கேட்காமலே.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் நொந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், என் முகத்தைப் பார்த்து யாரும் நம்புவதில்லை என்பது தவிர. உன் அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதில் அவள் பூ வைக்கிறாள், தயிர் வைக்கிறாள், எனக்குப் பிடித்த விளமீனை மசாலா தடவி வைக்கிறாள். அன்று வராந்தாவில் உட்கார வைத்த கல்லூரிக்காரர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. அது எனக்குப் பொழுதுபோக்கு. ஆனால் பக்கத்து மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். உனக்கும் அதைத்தான் சொல்வேன். உன் மச்சினன் வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாதே. உன் வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் யார் தின்றார்கள் என்று கேட்பதற்கு முன்னால் யார் குமிழைத் திருகினார்கள் என்று கேள். அநேகமாக அது நீயாக இருப்பாய்.

இந்தக் கடிதம் உனக்கு ஒன்று, நம் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் வரும் அந்த மாத இதழுக்கு ஒன்று என்று இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். பந்தியில் வைத்துச் சிரித்ததைப் போனில் தனியாகப் பேசித் தீர்க்க முடியாது. அன்று சிரித்த வீடுகளில் பாதிக்கு மேல் அந்த இதழ் போகிறது. முன் வீட்டுக்கும் போகிறது, அண்ணன் அதைக் கல்யாண விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பவர். "அவரு படிப்பாரே" என்றாள் உன் அம்மா. "படிக்கட்டும்" என்றேன். அவள் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு, "சரி, பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் காரணம் வேறு. தப்பை ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்தும் போட்டால் நம் ஆட்கள் அவனைப் பாராட்ட ஆரம்பித்துவிடுவார்கள். என்ன மனசு என்பார்கள். கடையில் வைத்துக் கை கொடுப்பார்கள். இவ்வளவு செய்துவிட்டு அதையும் நான் வாங்கிக்கொள்ள முடியாது. நீயும் பெயரைப் பார்த்தவுடன் என்னைத்தான் கூப்பிடுவாய், "பரவாயில்லப்பா" என்பாய். பரவாயில்லை என்று சொல்ல வேண்டியது நீ அல்ல, அவள். அதுவும் எனக்கு மட்டுமல்ல, உனக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளைக் கூப்பிடு. காலை பதினோரு மணிக்கு மேல் என்றால் சமையல் முடித்துவிட்டுச் சும்மா இருப்பாள். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது யார் வீடு என்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆக வேண்டியது எதுவுமில்லை. இரண்டு உறைகளிலும் முகவரி எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடாமல் இரண்டையும் ஒட்டி, வெயில் ஏறுவதற்குள் தபாலில் சேர்த்துவிட்டு வருகிறேன்.